வற்றக் காலத்தில் கடலோரம்

(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் இராமேசுவரம் சென்று, அக்கினி தீர்த்தத்தில் ஸ்நானம் செய்து திரும்பும் குடியானவர்கள் உள்நாட்டுக் கிராமங்களில் அநேகர் உண்டு. அவர்கள் தர்ப்பணத்தை முடித்து, சுவாமி தரிசனம் செய்து, கடைவீதியில் சங்கும் சோழி மாலையும் விலை பேசி வாங்கிக்கொண்டு ரயில் ஏறுகின்றனர். அதே அமாவாசை நாளில், அந்தத் தீவைச் சுற்றிலும் கடலானது மற்ற நாட்களைக் காட்டிலும் அதிக தூரம் பின்வாங்கித் தன் தரையைச் சிறிது நேரம் திறந்து காட்டுகிறது. கடைவீதியில் வாங்கிய சங்கு எந்த வீட்டிலிருந்து வந்ததோ, அந்த வீட்டின் வாசற்படி அத்தரையே. அதைப் போய்ப் பார்த்தவர் நூற்றுக்கு ஒருவர் இருப்பாரா என்பது சந்தேகம். அந்தத் தரையில் என்ன வசிக்கிறது, அதனால் யாருக்கு ஜீவனம் நடக்கிறது, அது எவ்விதம் குறைந்து வருகிறது என்பவற்றை அறிவது, கடலைக் கண்ணால் காணாத கிராமத்துச் சங்கத்தாருக்கும் பிரயோஜனமுள்ளதே.

கடல் நீர் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. ஏறுவதை ஏற்றம் என்றும், இறங்குவதை வற்றம் என்றும் கடலோரத்தார் வழங்குவர். சந்திரனுடைய ஆகர்ஷண சக்தியே இதற்கு முக்கிய காரணம். சூரியனுக்கும் இதில் பங்கு உண்டு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் பூமி, சந்திரன், சூரியன் மூன்றும் ஒரே கோட்டில் வருவதால், இரு சக்திகளும் ஒன்று சேர்ந்து கடலை இழுக்கின்றன. அப்பொழுது ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஒன்று ஒரு பக்கமும் மற்றொன்று குறுக்கேயும் இழுப்பதால் நீர் அதிகம் அசைவதில்லை. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிஷம் செல்லும். ஆகையால் இன்று காலை 6 மணிக்கு வற்றம் என்றால், நாளை ஏறக்குறைய 6 மணி 50 நிமிஷத்துக்குத்தான் வற்றம். இவ்வளவும் பஞ்சாங்கத்தைக் கொண்டே கணிக்கக்கூடியது. அமாவாசையன்று மட்டுமன்றி, அதற்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் கடற்கரைக்குச் செல்லுதல் உத்தமம். பெரிய வற்றம் திதிக்குச் சற்றுப் பிந்தியே வருவது வழக்கம்.

குஜராத்தில் பாவ்நகர்ப் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 30 அடிக்கும் மேற்படும். பாம்பன், தூத்துக்குடி முதலிய இடங்களிலோ அது 3 அடிக்கு உட்பட்டதே. அப்படியிருந்தும் மண்டபம், பாம்பன் கரைகளில் கணிசமான தரை வெளிப்படுவதற்குக் காரணம், அங்கே கடலின் அடித்தளம் சரிவின்றித் தட்டையாக இருத்தலே. கண்மாயில் ஒரு முழம் தண்ணீர் குறைந்தால் மடைப்பக்கம் வித்தியாசம் தெரியாது; நீர்ப்பிடிப்பின் மேட்டுப்பக்கத்திலோ ஏக்கர் கணக்கில் நிலம் தெரியும். அவ்விதமே இதுவும்.

இந்தக் கரைக்கு வித்துவான்களிடையே நெடுங்காலமாகப் பெயர் உண்டு. பாம்பனுக்குத் தெற்கே குருசடை என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. அதன் கரையோரத்தில் வாழும் பிராணிகளைப் பற்றி மட்டுமே சென்னை மியூசியத்தார் 1927-ல் ஒரு தனி வெளியீடு கொண்டுவந்தார்கள். 1947-ல் ஸ்தாபிக்கப்பட்ட மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் 1971-ல் கொச்சிக்கு மாறும் வரையில் பல வருஷங்கள் மண்டபத்தையே தலைமை இடமாகக் கொண்டிருந்தது. 1986-ல் மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழமில்லாத கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பு, மன்னார் வளைகுடாக் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆகவே தீவுகளுக்குச் செல்ல வனத்துறையின் அனுமதி அவசியம். தீவுகளுக்குப் போகாமலேயே, பெருநிலத்துக் கரையில் நின்று காணத்தக்கவையும் ஏராளமாக இருக்கின்றன.

முதலில் மேல்மணலைக் கவனிக்க. ஈரமணலின் மீது கடுகளவும் மிளகளவுமான மண் உருண்டைகள் ஆயிரக்கணக்கில், கோலம் போட்டாற்போல் வரிசையாகக் கிடக்கும். இவை சிறு நண்டுகளின் வேலை. நீர் இறங்கியவுடன் வளையிலிருந்து வெளிவந்து, மணலை வாயிலிட்டு, அதிலுள்ள நுண்ணிய ஆகாரத்தைச் சலித்து எடுத்துக்கொண்டு, மிஞ்சிய மணலை உருண்டையாக்கி வைத்துவிடுகின்றன. மறு ஏற்றம் வந்து எல்லாவற்றையும் கரைத்துவிடும். அடுத்த வற்றத்தில் வேலை மீண்டும் துவங்கும். அவ்விடத்திலேயே ஒதுங்கிக் கிடக்கும் சிப்பிகளைக் கையிலெடுத்துப் பார்த்தால், சிலவற்றில் ஊசியால் துளைத்ததுபோல் வட்டமான ஒரு துவாரம் இருக்கும். குழந்தைகள் அதிலே நூல் கோத்து மாலையாக்குவர். அது கடலின் அலைச்சலால் வந்ததன்று. ஒரு வகை நத்தை சிப்பியின் மீதேறித் துளையிட்டு, உள்ளிருக்கும் சதையை உண்டு போன அடையாளம். பக்கத்தில் வெள்ளையாக, இலேசாக, நகத்தால் கீறினால் மாவாக உதிரும் ஒரு பொருளும் கிடக்கும். நாட்டு மருந்துக் கடைகளில் கடல்நுரை என்று விற்கப்படுவது அதுவே. பெயர் நுரையாயினும், அது கணவாய் என்னும் பிராணியின் முதுகினுள் இருக்கும் ஓடு.

சங்குக்குள் குடியிருக்கும் நண்டையும் அங்கே காணலாம். அதைச் சன்னியாசி நண்டு என்பர். பின்னுடல் ஓடின்றி மென்மையாக இருப்பதால், இறந்த நத்தையின் கூட்டில் புகுந்துகொண்டு அதையே சுமந்து திரிகிறது. உடல் வளரவளரக் கூடு போதாமற்போய், வேறு பெரிய கூட்டைத் தேட வேண்டியிருக்கிறது. சன்னியாசிக்கு வீட்டுக் கவலை இத்தனை இருப்பது வேடிக்கைதான். கரையில் வெறும் ஓடுதானே கிடக்கிறது என்று கூடைகூடையாக வாரிச் செல்வோர், அந்த ஓட்டுக்கும் ஒரு குடித்தனக்காரன் காத்திருக்கிறான் என்பதை நினைப்பதில்லை.

மணலை விட்டுப் பாறைக்கு வந்தால் வேறு உலகம். பாறையின் உச்சியில் வெள்ளைக் கொப்புளங்கள்போல் ஒட்டிக்கொண்டிருப்பது கொட்டலசு. படகின் அடியில் ஒட்டி வேகத்தைக் குறைப்பதால் இதை எல்லா மீனவரும் அறிவர். பார்வைக்குச் சிப்பி இனம்போல் தோன்றினும், இது இறாலுக்கும் நண்டுக்கும் பங்காளி. தலையைக் கல்லில் ஒட்டவைத்துக்கொண்டு, காலை மேலே நீட்டி, நீர் வந்தபோது கால்களாலேயே இரையை வாரி வாய்க்குக் கொடுக்கிறது. நீர் இறங்கியதும் கதவை மூடிக்கொண்டு, உள்ளே சிறிது ஈரத்தைச் சேமித்து, மறு ஏற்றம் வரும்வரை பல மணி நேரம் வெயிலைத் தாங்குகிறது. பாறையின் உச்சியில் வாழ்வது எது, நடுவில் வாழ்வது எது, அடியில் வாழ்வது எது என்பது பெரும்பாலும் எது எவ்வளவு நேரம் காய்ச்சலைத் தாங்கும் என்பதைப் பொறுத்தே அமைகிறது. மேட்டு நிலத்தில் வரகும் பள்ளத்தில் நெல்லும் போலவே என்று விவசாயிகளுக்குச் சொன்னால் போதும்.

பாறைகளுக்கிடையே தேங்கிய குட்டைகளில்தான் காட்சி அதிகம். கடற்சாமந்தி என்று ஒன்று, பெயருக்கேற்பப் பூவிதழ் விரித்து நிற்கும். அது பூவுமன்று, செடியுமன்று. அதன் ஒவ்வோர் இதழும் சிறு பிராணிகளைக் கொட்டிப் பிடிக்கும் கை. விரலால் தொட்டால் சட்டென்று சுருங்கி, வெறும் சதைக் குமிழாகிவிடும். நட்சத்திர மீன் என்பதும் மீனன்று. கையொன்று ஒடிந்தால் காலக்கிரமத்தில் மறுபடியும் வளர்த்துக்கொள்ளும் சக்தி அதற்கு உண்டு. உடலெங்கும் முள் சூழப் பந்துபோல் இருக்கும் பிராணிகளும், கையளவு கல்லின் கீழ் ஒளிந்திருக்கும் புழுக்களும், பாம்புபோல் நெளியும் ஐந்து கைகளுடைய சிறு ஜந்துக்களும் அங்கே உண்டு.

இங்கே ஒரு விஷயத்தை விசேஷமாகக் கவனிக்க வேண்டும். கல்லைப் புரட்டிப் பார்ப்பது எல்லாருக்கும் ஆசை. ஒரு கல்லின் மேற்புறத்தில் வாழ்வன வெளிச்சத்துக்கும் அலைக்கும் பழகியவை. அடிப்புறத்தில் வாழ்வன நிழலுக்கும் ஈரத்துக்கும் பழகியவை. மேற்படி கல்லைப் புரட்டி அப்படியே விட்டுவிட்டுப் போனால், அடியிலிருந்தவை வெயிலில் காய்ந்தும், மேலிருந்த பாசி முதலியவை இருட்டில் அழுகியும், இருதரமும் நாசமாகின்றன. அடிப்புறத்தில் முட்டைகளை ஒட்டவைத்திருக்கும் பிராணிகளின் சந்ததியும் அத்துடன் போகும். புரட்டிய கல்லை முன்போலவே மெதுவாகத் திருப்பி வைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் உபாத்தியாயர்கள் இந்த ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னாலும் நல்லது.

குருசடையின் மணலில், சுருள்சுருளாகக் கயிறு சுற்றி வைத்ததுபோன்ற மண் குவியல்கள் காணப்படும். அவற்றை விட்டுச் செல்வது மணலுள் வாழும் மென்மையான ஒரு புழு. முதுகெலும்பில்லாத பிராணிகளுக்கும் முதுகெலும்புள்ள பிராணிகளுக்கும் உள்ள உறவைக் காட்டும் சில அடையாளங்கள் அதன் உடலில் இருப்பதால், பிராணி சாஸ்திரம் வாசிக்கும் காலேஜ் மாணவர்கள் நெடுங்காலமாக அத்தீவைத் தேடி வந்திருக்கின்றனர். மேலான கீர்த்தி பெற்றும் மண்ணுக்குள்ளேயே இருந்துவிட்ட ஜீவன் அது.

அடுத்து, கடல் அட்டை. வெள்ளரிக்காய் போன்ற வடிவில், சற்றும் அழகில்லாமல், மணலில் அசைவின்றிக் கிடக்கும் இப்பிராணியை இங்கே விரிவாகச் சொல்லவேண்டும். வயலில் மண்புழு செய்யும் வேலையைக் கடலடியில் இது செய்கிறது. மணலையும் சேற்றையும் விழுங்கி, அதிலுள்ள அழுகிய பொருள்களை ஜீரணித்து, சுத்தமான மணலைக் கழித்து விடுகிறது. இதனால் கடல்தரை கிளறப்பட்டு, அடியில் உள்ள சத்து மேலே வருகிறது. சத்துரு வந்து தொந்தரவு செய்தால் சில அட்டைகள் தங்கள் குடலையே வெளியே கக்கிவிட்டுப் பிழைத்துக்கொண்டு, பின்பு புதுக் குடலை வளர்த்துக்கொள்கின்றன.

சீன தேசத்தார் இதை விலையுயர்ந்த உணவாகக் கருதுவர். அவர்களோடு இக்கரை நடத்திவந்த அட்டை வியாபாரம் மிகப் பழையது. அட்டையை வேகவைத்து, மணலில் புதைத்து, மேல்தோலைத் தேய்த்தெடுத்து, வெயிலில் காயவைத்துக் கப்பலேற்றினர். கடலோரத்தில் அநேகக் குடும்பங்கள் இதனால் பிழைத்தன. ஆனால் விலை ஏறஏற, பெரியது சிறியது என்ற பேதமின்றி எல்லாம் எடுக்கப்பட்டன. அட்டைகள் ஆணும் பெண்ணும் நீரில் விந்தையும் முட்டையையும் தனித்தனியே விடுகின்றன. அவை நீரிலேயே கலந்து கரு உண்டாக வேண்டும். ஆகவே தரையில் அட்டைகள் நெருக்கமாக இருந்தால்தான் சந்ததி உண்டு. பத்து முழத்துக்கு ஒன்றிருந்த இடத்தில் நூறு முழத்துக்கு ஒன்று என்றாகிவிட்டால், எஞ்சியிருப்பதும் மலடாகவே முடிகிறது. 2001-ல் இந்திய அரசாங்கத்தார் கடல் அட்டைகளை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்து, பிடிப்பதையும் விற்பதையும் அடியோடு தடுத்தனர். இத்தடையினால் ஜீவனம் இழந்த மீனவரின் முறையீடு நியாயமற்றதன்று. களவாகப் பிடித்து அக்கரைக்குக் கடத்துவதும் நின்றபாடில்லை. தூத்துக்குடியில் 1988-லேயே வெள்ளை அட்டையின் குஞ்சுகளைத் தொட்டியில் உற்பத்தி செய்து காட்டியிருக்கின்றனர். வழி ஒன்று தெரிந்திருந்தும், அது தடைக்கு முன்பே கரையோரச் சங்கங்களின் கைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் வருந்தத்தக்கது.

சங்கின் கதை இதற்கு மாறானது. கரையில் ஆட்டுக்கொம்பு போல் முறுக்கி, வளையம் வளையமாக, அறை அறையாக ஒரு தோற்கூடு ஒதுங்கிக் கிடக்கும். மீனவர் அதைச் சங்குப்பூ என்பர். அது சங்கின் முட்டைக்கூடு. மணலில் வாழும் புழுக்களைத் தின்று வளரும் சங்கு, இக்கூட்டின் ஒரு முனையை மணலில் ஊன்றி வைக்கிறது. அநேகக் கடற்பிராணிகளின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரில் மிதந்து தொலைதூரம் செல்லும். சங்குக் குஞ்சோ அறையை விட்டு வெளிவரும்போதே சிறு ஓட்டுடன் தரையில் ஊர்ந்து வருகிறது. ஆகையால் ஓரிடத்துச் சங்கை முற்றிலும் எடுத்துவிட்டால், தூரத்திலிருந்து வந்து அந்த இடத்தை நிரப்ப வேறு சங்கு இல்லை.

இதை அக்காலத்துச் சர்க்கார் மீன் இலாகா அறிந்திருந்தது. சங்கு குளிப்பது சர்க்காரின் ஏகபோக உரிமையாக இருந்த நாட்களில், மூழ்குவோர் கொண்டுவரும் ஒவ்வொரு சங்கையும் ஓர் அளவு வளையத்தில் இட்டுப் பார்ப்பர். வளையத்தில் நுழைந்து கீழே விழுந்த சிறு சங்கு மறுபடியும் உயிரோடு கடலில் விடப்படும். பெரியவை வங்காளத்துக்குச் சென்று, டாக்கா முதலிய இடங்களில் வளையலாக அறுக்கப்பட்டன. ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் அதிகாரி 1914-ல் இந்தியாவின் சங்கைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவ்வளையம் ஒன்றுக்கு விலை என்ன இருந்திருக்கும்? சில அணாக்களே. முத்துச்சிப்பிக்கு இவ்வித அதிர்ஷ்டம் இல்லை. கொற்கை நாள் முதல் பேர்பெற்ற முத்துக்குளிப்பு, இப்பக்கத்தில் 1961-க்குப் பின் நடைபெறவில்லை.

இனிப் பாசி எடுக்கும் பெண்களின் விஷயம். ஐக்கிய சங்கத்தாருக்கு இதுவே மிகவும் நெருங்கியது. சின்னப்பாலம், தங்கச்சிமடம், புதுமடம், பெரியபட்டினம் முதலிய ஊர்களில், வற்றக் காலம் என்றால் பெண்கள் வேலைக்குப் புறப்படும் காலம் என்று பொருள். கல்லும் முள்ளும் கிழிக்காதபடி விரல்களுக்குத் துணி சுற்றி, காலுக்கு ரப்பர்ச் செருப்பு அணிந்து, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, இடுப்பில் பை கட்டி, மார்பளவு நீரிலும் மூழ்கி மூழ்கிப் பாசி எடுக்கின்றனர். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் என்னும் பொருள் செய்ய உதவும். நோன்புக் காலத்தில் முஸ்லிம் வீடுகளில் செய்யும் கடல்பாசி என்னும் பண்டமும், ஆஸ்பத்திரிப் பரிசோதனைச் சாலைகளில் கிருமிகளை வளர்க்கும் தட்டும் இந்த அகரினாலேயே ஆகின்றன. கட்டக்கோரை என்னும் பழுப்புப் பாசியிலிருந்து, துணிக்குச் சாயமிடவும் மருந்து செய்யவும் உதவும் வேறொரு பொருள் எடுக்கப்படுகிறது. சுமார் 1960-களில் ஆலைகள் கேட்கத் துவங்கியது முதல் இத்தொழில் பெருகிற்று.

பாசி என்பது கல்லில் பற்றி வளர்வது. நுனியைக் கையால் கிள்ளினால் அடி மிஞ்சித் துளிர்க்கும். இரும்பால் சுரண்டினால் கல்லோடு போகும். இதைச் சொல்லிக்கொடுக்க அப்பெண்களுக்கு யாரும் வேண்டியிருக்கவில்லை. அவர்களே ஊர்தோறும் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசிக்குப் போவதென்றும், சுரண்டும் இரும்புக் கருவியை உபயோகிப்பதில்லையென்றும், ஏப்ரல் 15 முதல் 45 நாட்கள் தொழிலை நிறுத்துவதென்றும் கட்டுப்பாடு செய்துகொண்டனர். சட்டம் போட்டு வந்த கட்டுப்பாடன்று இது. கூடிப் பேசி வந்தது. இவர்களுக்குத் தலைமை வகித்த சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி அம்மையாருக்கு 2015-ல் அமெரிக்காவிலுள்ள சீகாலஜி என்னும் ஸ்தாபனத்தார் தங்கள் பரிசை அளித்தனர். தீவுகளைச் சுற்றியுள்ள கடல் தேசியப் பூங்காவானபின், தலைமுறையாகப் பாசி எடுத்த இடங்களுக்கே போகக்கூடாது என்று தடுக்கப்பட்டதும், அதிகாரிகளுக்கும் இவர்களுக்கும் சச்சரவு நேர்ந்ததும் மறைக்கத்தக்கவையல்ல. கடலையும் காக்க வேண்டும், கடலால் பிழைப்போரையும் காக்க வேண்டும் என்றால், இவர்களைக் கூட்டாளிகளாக வைத்துக்கொள்வதைத் தவிர வேறு மார்க்கம் புலப்படவில்லை.

ஆயினும் உழைப்புக்கேற்ற விலை கிடைக்கிறதா என்று கேட்டால், அங்கேதான் குறை. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் விலை பேச முடியாது என்பதை, பருத்திக்கும் மிளகாய்க்கும் முன்பணம் வாங்கிய விவசாயிகள் நன்கு அறிவர். பாசியை மணலில் உலர்த்தினால் மணலும் சேர்ந்து எடையில் வரும். அதைச் சாக்கிட்டு வாங்குவோர் கழிவு பிடிப்பர். வலையின் மீதோ பாயின் மீதோ உயர்த்தி உலர்த்தி, ஒரே இடத்தில் தரம் பிரித்து வைத்து, சொந்தத் தராசில் நிறுத்து, மொத்தமாக விற்பது பத்துப்பேர் சேர்ந்தால் ஆகக்கூடிய காரியம். முன்பணத்தின் இடத்தைச் சங்கக் கடன் பிடிக்க வேண்டும். அதைச் செய்யாமல் வியாபாரியை மட்டும் ஏசுவதில் பயனில்லை.

மூங்கில் தெப்பத்தில் பாசி வளர்க்கும் முறையும் சுமார் 20 வருஷங்களாக இக்கரையில் நடந்து வருகிறது. சுய உதவிக் குழுப் பெண்கள் பலர் இதனால் பணம் கண்டனர். சுமார் 45 நாட்களில் ஒரு மகசூல். ஆனால் அதற்கெனக் கொண்டுவரப்பட்ட பாசி அயல் தேசத்தது. அது குருசடைப் பக்கத்துப் பவளப்பாறைகளின் மீது படர்ந்து மூடுவதாக 2008-ல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். குளத்திலே ஆகாயத்தாமரை வந்த விதத்தை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. நல்ல வருமானம் தருவது என்ற ஒன்றுக்காகவே தெப்பத்தைப் பவளத்துக்கு அருகில் கட்டுதல் கூடாது.

பவளப்பாறை என்பதையும் இரண்டொரு வார்த்தையில் சொல்லிவிடலாம். அது கல்லன்று; கடற்சாமந்திக்கு உறவான மிகச்சிறு பிராணிகள் கோடிக்கணக்கில் கூடி, தலைமுறை தலைமுறையாகக் கட்டிய சுண்ணாம்புக் கட்டடம். பெரிய வற்றத்தின்போது அதன் தலை வெளியே தெரியும். இதை வெட்டிப் படகேற்றி, சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டட வேலைக்கும் சாலைக்கும் பல்லாண்டுகள் உபயோகித்தார்கள். 2001-ல் பவளமும் சட்டப் பாதுகாப்பில் வந்தது. அதற்குள் 21 தீவுகளில் இரண்டு, அதாவது பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், நீருக்குக் கீழே போய்விட்டன. அலையைத் தடுத்து நின்ற பாறையை வெட்டியதே இதற்கு முக்கிய காரணமாகச் சொல்லப்படுகிறது. கண்மாய்க் கரையின் கல்லைப் பெயர்த்து வீடு கட்டிய கதைதான். வெட்டுவது நின்றபின்பும் வேறோர் ஆபத்து வந்திருக்கிறது. கடல்நீரின் உஷ்ணம் மிகுந்த 1998, 2010, 2016 ஆகிய வருஷங்களில் பவளங்கள் நிறம் வெளுத்து, பல மாண்டன.

இக்காட்சிகளைக் காணச் செல்வோர் சில எச்சரிக்கைகளை மறத்தலாகாது. வெறுங்காலுடன் பாறையில் நடத்தல் கூடாது. கூம்பு வடிவில், பூவேலை செய்ததுபோல் அழகாக இருக்கும் உயிருள்ள நத்தையைக் கையில் எடுத்தல் கூடாது. அதில் சில ஜாதிகள் விஷ ஊசியால் குத்தி மனிதரைக் கொல்லவும் வல்லவை. பெயர் தெரியாத எந்தப் பிராணியையும் கையால் தொடாதிருப்பதே பொதுவிதி. மணலில் நீருக்குள் நடக்கும்போது காலை எடுத்து எடுத்து வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப்போகும். திருக்கையோ, கல்லைப்போல் கிடக்கும் விஷ மீனோ முள்ளால் குத்திவிட்டால், காயத்தைப் பொறுக்கக்கூடிய அளவு சூடான வெந்நீரில் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். அவ்விஷம் உஷ்ணத்தால் கெடும் தன்மையுள்ளது.

மற்றோர் எச்சரிக்கை இதைவிட முக்கியம். வற்றம் என்பது ஆறு மணி நேரம் சிறுகச் சிறுக நடப்பது. கடல் சில நிமிஷங்களுக்குள், பஞ்சாங்கத்துக்குப் பொருந்தாமல், வெகுதூரம் விலகி, மீன்கள் தரையில் துள்ளுமானால், அது வற்றமன்று. 2004 டிசம்பர் 26-ந் தேதி மாமல்லபுரத்தில் கடல் அவ்விதம் பின்வாங்கி, என்றும் காணாத கற்களைக் காட்டியது. பின்பு பேரலையாகத் திரும்பி வந்தது. அத்தகைய வேளையில் சங்கும் வேண்டாம், மீனும் வேண்டாம்; பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டை நோக்கி ஓடவேண்டும். சில சமயம் கடல் விலகாமலே பேரலை வருவதும் உண்டாகையால், பூமி பலமாக அதிர்ந்தாலும் அவ்வாறே செய்ய வேண்டும்.

போகிறவர்கள் வற்றம் முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கரையில் இருந்தால், இறங்கும் நீரைத் தொடர்ந்து சென்று, அதன் கடைசி எல்லையில் அரைமணி நேரம் நின்று பார்க்கலாம். எந்த மணிக்கு என்பதை அந்த ஊர் மீனவரைக் கேட்பது நலம். ஒரே கரையில் ஒவ்வோர் அமாவாசைக்கும் வற்றம் ஏறக்குறைய அதே மணிக்கு வருவதால் அவர்கள் உடனே சொல்லிவிடுவர். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நீர் கலங்கியிருக்கும். தை, மாசியே தகுந்தது. ஏற்றம் துவங்கியதும் முதலில் நிறைவது நின்ற இடமன்று, பின்னாலுள்ள பள்ளங்களே. ஆகையால் குட்டையில் நீர் அசையக் கண்டவுடன் கரைக்குத் திரும்பிவிட வேண்டும்.